ரோபோ கன்சோலில் முதல் முடிச்சு: நூல் அறாமல் போடுவது எப்படி?

டா வின்சி எக்ஸ்ஐ என்ற அறுவை சிகிச்சை ரோபோவின் கன்சோலில் (மருத்துவர் உட்கார்ந்து ரோபோக் கைகளை இயக்கும் இடம்) முதன்முதலாக நூலைத் தொடப்போகும் பயிற்சி மருத்துவர்களுக்கு இது. சிமுலேட்டரில் வளையம் கோத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் திணறுவது இங்கேதான்.

தேவை: தையல் பழகும் சிலிக்கோன் அட்டை, 3-0 தடிமனுள்ள கறுப்புப் பட்டு நூல், ஊசி பிடிக்கும் கருவி இரண்டு. மானோஃபிலமென்ட் (ஒற்றை இழை) நூல் இப்போது வேண்டாம். கருவி இறுக்கிப் பிடித்தாலே நைந்துவிடும், முடிச்சும் நழுவும். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கோழித்தொடை வாங்கி வந்து தைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். நோயாளிகளுக்குப் பயன்படும் இயந்திரத்தில் கூடவே கூடாது. பயிற்சிக்கென்று ஒதுக்கியதில் மட்டும்.

1. நூலை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நீளம் கூடினால் இழுக்கும்போது கருவி பார்வைக்கு வெளியே போய்விடும்.

2. நகர்வு விகிதம் 3:1. கை 3 செ.மீ. நகர்ந்தால் கருவி 1 செ.மீ. நகரும். முழங்கை தாங்கியை விட்டு எழுந்தால் கிளட்சை (கருவி அசையாமல் கையை மட்டும் நகர்த்தவிடும் மிதி) மிதித்துக் கையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

3. ஊசியின் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடியுங்கள். செங்குத்தாகக் குத்தி, மணிக்கட்டைச் சுழற்றி எடுங்கள். நூல்வால் 2 செ.மீ. மிஞ்சட்டும்.

4. முதல் முடிச்சுக்கு இரண்டு சுற்று. இனி இறுக்க வேண்டும்; நூல் அறுவது இங்கேதான். சிராங்கூன் சாலையில் மல்லிகை தொடுப்பவருக்கு நாரை எவ்வளவு இழுக்கலாம் என்று விரலே சொல்லும். எக்ஸ்ஐயில் அந்தத் தொடுவுணர்வு இல்லை. கண்ணால்தான் அளக்க வேண்டும். வளையம் சுருங்கி, அட்டையின் இரு விளிம்பும் ஒட்டிய கணமே நிறுத்துங்கள். விளிம்பு குழிந்தால் ஏற்கெனவே அதிகம். உயிருள்ள திசுவாக இருந்தால் அந்த இடம் வெளுக்கும்.

இரு கருவிகளையும் ஒரே வேகத்தில், எதிரெதிராக, காயத்துக்குக் குறுக்கே, அட்டையை ஒட்டித் தாழ்வாக இழுங்கள். மேலே தூக்கினால் துளை கிழியும். ஒரு கை மட்டும் இழுத்தால் முடிச்சு ஒருபக்கமாகப் புரண்டு வழுக்கும். முடிச்சுக்குள் தங்கப்போகும் நூல்பகுதியைக் கருவியால் கவ்வவே கவ்வாதீர்கள்.

5. அடுத்து ஒற்றைச் சுற்று இரண்டு, திசை மாற்றி மாற்றி. பத்து முடிச்சு போட்டு எத்தனை அறுந்தன என்று குறித்துவையுங்கள். நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்னர் சேர்த்தவை: கருவி அசையவே இல்லையா? தலை பார்வைக்கூண்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் அசையாவிட்டால், கைப்பிடியைக் கருவியின் வாய் திறந்திருக்கும் அளவுக்குப் பொருத்துங்கள். 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற டா வின்சி 5இல் இழுவிசை கைக்குத் தெரியுமே என்றால், அதற்கான தனிக் கருவியை மாட்டினால்தான் தெரியும். சாதாரணக் கருவி என்றால் அதிலும் கண்தான்.