நைட் டியூட்டி பார்ப்பவர்கள் உடலின் கடிகாரத்தைக் காப்பாற்றுவது எப்படி

மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார். ஒரு நாள் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்கு விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 118. அதே வாரம் இரவுப் பணியின் நடுவே, இரண்டு மணிக்கு அதே மூன்று இட்லியைச் சாப்பிட்டேன். நான்கு மணிக்கு 163. மாவு ஒன்று, விரல் ஒன்று, கருவியும் ஒன்று. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று மேலும் நான்கு வாரம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரவுக் கணக்குதான் கூடுதல்.

மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் “அக்கா, இரவை எப்படிச் சமாளிப்பது?” என்று கேட்கும்போது சொல்வதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஆனால் முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் கடைப்பிடிக்கத் தோன்றும்.

வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வைத்திருப்பார்கள். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறும், மிதவை மேலே வந்ததும் மோட்டார் நிற்கும். தண்ணீர் செலவாகி மிதவை இறங்கினால் மறுபடி ஓடும். நம் உடலில் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ‘கிளாக்’, ‘பிமால்’ என்ற இரண்டு மரபணுக்களின் புரதங்கள்தான் மோட்டார். அவை ‘பீரியட்’, ‘கிரை’ என்ற மரபணுக்களை இயக்குகின்றன. அந்த மரபணுக்கள் தரும் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் திரும்பிப் போய், தம்மை உண்டாக்கிய மோட்டாரையே நிறுத்திவிடுகின்றன. பிறகு அவை சிதைந்து குறைய, மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம். எப்போது சர்க்கரையைக் கையாள வேண்டும், எப்போது ரத்த அழுத்தத்தை ஏற்ற வேண்டும் என்று எத்தனையோ வேலைகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது இந்தச் சுற்றுதான்.

1971-இல் அமெரிக்காவில் கொனாப்கா, பென்சர் என்ற இருவர் பழ ஈக்களில் இதன் முதல் நுனியைப் பிடித்தார்கள். ஒரு வகை ஈக்கு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்குக் கணக்கே இல்லை. மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணு. 1984-இல் அந்த ‘பீரியட்’ மரபணுவைப் பிரித்தெடுத்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்தது. மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அது வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. கல்லீரலின் கடிகாரமோ பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. நள்ளிரவில் பரோட்டா சாப்பிட்டால், மூளை இரவு என்கிறது, கல்லீரல் பகல் என்கிறது. வருடக்கணக்கில் இந்தப் பிணக்கு தொடர்ந்தால் சர்க்கரை நோயும், உடல் பருமனும், இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-லும், மறுபடி 2019-லும், இரவுப் பணியை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்ற பட்டியலில் வைத்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரவில் யாராவது விழித்திருந்தால்தான் நோயாளி பிழைப்பார். விழித்திருப்பவரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

ஆகவே முதலில் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். 2021-இல் பாஸ்டனில் 19 பேரை 14 நாள் ஆய்வகத்தில் தங்கவைத்து இரவுப் பணி போன்ற நிலையில் வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. விழித்திருந்த நேரம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. தூக்கம் நம் கையில் இல்லாவிட்டாலும் டிபன் பாக்ஸ் நம் கையில் இருக்கிறதே.

நான் செய்வது இது: மாலை ஆறரைக்குள் சோறு, கூட்டு, முட்டை என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை தண்ணீர் மட்டும். மிகவும் பசித்தால் ஒரு கைப்பிடி சுண்டல், அதற்கு மேல் இல்லை. பிறந்தநாள் கேக் வந்தால் ஒரு துண்டை மூடிவைத்துக் காலையில் சாப்பிடுவேன். முதல் வாரம் வயிறு கேட்கும், இரண்டாம் வாரம் பழகிவிடும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. தாழ்சர்க்கரை வந்தால் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

தண்ணீர் தவிர காபிக்கு மட்டும் விலக்கு, அதுவும் இரவு பன்னிரண்டரையோடு சரி. குடித்த காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும்.

அடுத்தது வெளிச்சம். விழித்திரையில் நீல வெளிச்சத்தை உணர்ந்து தலைமைக் கடிகாரத்துக்குச் சேதி சொல்வதற்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. பணி முடிந்து காலை வெயிலில் வந்தால் அவை ‘விடிந்துவிட்டது’ என்று சொல்லிவிடும், அப்புறம் தூக்கம் வராது. பஸ்ஸில் ஏறியதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் வேண்டாம். இரவு முழுக்க விழித்தவர் வண்டி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதுபோலத்தான். வீட்டில் ஜன்னலுக்கு விலை உயர்ந்த திரை தேவையில்லை. குடைக்குப் போடும் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, நான்கு ஓரமும் ஒட்டும் பட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டினால் விரல்கள் தெரியக் கூடாது. அதுதான் அளவு.

அப்புறம் வீட்டுச் சத்தம். இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற விலங்கியல் பேராசிரியர் இருந்தார். அவரும் மாணவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே புகாத குகையில் கூண்டில் அடைத்த ஒரு வௌவால், மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியேறி விடியலில் திரும்புவதை அறிந்தே தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. மனிதருக்கு வெளிச்சம்தான் பெரிய சாவி, அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் பகலில் தூங்குபவரைச் சுற்றி வீடே பகலாக நடமாடினால் தூக்கம் எப்படி நிற்கும்? என் மாமியாரிடம் இந்த வௌவால் கதையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து மிக்ஸி காலை எட்டரைக்குள் ஓடி முடிந்துவிடுகிறது. பால்காரருக்கும் கூரியர்காரருக்கும் அவரே பதில் சொல்கிறார்.

விடியலுக்கு முந்தைய நான்கு மணியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் மிகக் குறைந்து, கவனம் நழுவும் நேரம் அது. மூன்றரை முதல் ஐந்து வரை ஊசி மருந்தின் அளவை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்காமல் ஏற்றக் கூடாது என்று எங்கள் பிரிவில் வைத்திருக்கிறோம். முடிந்தால் அதற்கு முன்பே 20 நிமிடம் முறைவைத்துக் கண்ணயருங்கள். ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சு திணறுவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

டியூட்டி பட்டியல் போடும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் சுழற்றுங்கள். மனிதக் கடிகாரத்தின் இயல்பான நீளம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது, முன்கூட்டியே தூங்கவைப்பது கடினம். இன்னொன்று, எல்லோருடைய கடிகாரமும் ஒன்றல்ல. அந்தியிலேயே தூங்கி, விடியுமுன் விழித்துவிடும் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில், அதற்குக் காரணம் ‘பீரியட் 2’ மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். ‘கிரை 1’ மாற்றம் உள்ளவர்கள் நள்ளிரவைத் தாண்டித்தான் தூங்குவார்கள். கோழி கூவுமுன் எழும் பெண்ணுக்குத் தொடர்ந்து இரவுப் பணி கொடுத்துவிட்டு, தூங்கி வழிகிறாள் என்று திட்டாதீர்கள். அது சோம்பல் அல்ல, பிறவி.

ஆண்டுக்கு ஒரு முறை மூன்று மாத சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பாருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் இரவுப் பணி செய்வதை முதலிலேயே சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற சில மாத்திரைகள், உடல் இரவில்தான் அதிகம் கொழுப்பு உண்டாக்குகிறது என்பதால் இரவில் கொடுக்கப்படுகின்றன. உங்களுக்கு எது இரவு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசி இரவு முடிந்த நாளில் மாலை வரை தூங்கிவிடாதீர்கள். மூன்று மணி நேரம் போதும். பிறகு எழுந்து, வெயிலில் அரை மணி நேரம் நடந்து, மதியச் சாப்பாட்டை வீட்டாரோடு சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்குப் படுங்கள். என் வீட்டில் அன்று சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என் மகள் வந்து ஜன்னல் துணியை உரித்து எடுத்துவிடுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் திரும்ப ஒட்டக் கூடாது என்று அவளிடம் நானே சொல்லிவைத்திருக்கிறேன்.