சிராய்ப்புக்குக் குழாய்த் தண்ணீரே போதும்

முட்டியில் சிராய்ப்போ, காய் நறுக்கும்போது விரலில் சின்ன வெட்டோ பட்டால் டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் தேட வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காயத்தைச் சுத்தமான குழாய்த் தண்ணீரில் 5 நிமிடம் காட்டுங்கள். ஓடும் தண்ணீர் மண்ணையும் கிருமியையும் அடித்துக்கொண்டு போய்விடும். பெராக்சைடு வெள்ளையாக நுரை பொங்குவதைப் பார்த்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். புதிதாக வளரும் திசுவையும் அது சேர்த்தே அரிக்கிறது, காயம் ஆறத் தாமதமாகும். தொட்டித் தண்ணீர் மேல் சந்தேகமா? கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் சரி.

ஆழமான காயம், நிற்காத ரத்தம், துருப்பிடித்த ஆணி என்றால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். நாய், பூனை கடித்திருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் ஊசியும் போட வேண்டும்.