ஹெலினியம் சாயாமல் பூக்க

இங்கிலாந்துத் தோட்டங்களில் ஆகஸ்டில் பல பூக்கள் ஓயும் நேரத்தில் செம்பு நிறமும் மஞ்சளுமாகக் களைகட்டுவது ஹெலினியம். நல்ல வெயில் வேண்டும், ஆனால் வேர் காயவே கூடாது. வட அமெரிக்காவின் ஈரப் புல்வெளிச் செடியாயிற்றே!

உயரமான ரகங்கள் பூப்பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். அதற்கு மே மாதக் கடைசியில் தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். பூப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் செடி அடர்ந்து, குட்டையாக, நிமிர்ந்து நிற்கும். முன்பக்கத் தண்டுகளை மட்டும் வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி: பின்னால் இருப்பவை முதலில் பூக்கும், வெட்டியவை அப்புறம். செப்டம்பரிலும் பூ இருக்கும்.

வாடியதைக் கிள்ளிவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தத்தில் தூரைப் பிரித்து நடலாம். சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை அவசியம்.