கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ்: குறைந்த செலவில் பட்டம் படிக்கும் வழி

அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கொஞ்சம்தான் என்று நம்பிப் போகும் பெற்றோர் பலர் சேர்க்கை நாளில் திகைத்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரே வளாகத்துக்குள் எய்டட் (அரசு உதவி பெறுவது), செல்ஃப் ஃபைனான்ஸ் (அரசு உதவி இல்லாமல் மாணவர் கட்டணத்திலேயே நடப்பது, சுருக்கமாக எஸ்.எஃப்.) என்று இரண்டு பிரிவுகள் நடக்கும். பழைய துறையான கணிதம் பெரும்பாலும் எய்டடில் இருக்கும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. பிற்பாடு வந்த கம்ப்யூட்டர் சயின்ஸும் பி.சி.ஏ.வும் பல கல்லூரிகளில் செல்ஃப் ஃபைனான்ஸ்தான். "இந்த வகுப்பு எய்டடா, எஸ்.எஃப்.பா?" என்று விண்ணப்பம் வாங்கும்போதே ஆபீசில் கேளுங்கள்.

அடுத்து கணக்கு. முதல் நாள் கட்டும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். செமஸ்டருக்கு 18,000 ரூபாய் என்றால் ஆறு செமஸ்டருக்கு 1,08,000. அதற்கு மேல் தேர்வுக் கட்டணம், லேப் கட்டணம், பஸ், ஹாஸ்டல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கும் கூட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் மலிவு அரசு கலை அறிவியல் கல்லூரிதான். இளநிலைக்கு டியூஷன் ஃபீஸ் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டும். இந்தக் கல்லூரிகளின் சேர்க்கைக்கான டி.என்.காசா (TNGASA) இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2, ஆக 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய் போதும். பிளஸ் டூவில் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டி அதிகம். அதை மட்டும் நம்பாமல் கணிதத்தையும் சேர்த்துப் போடுங்கள். கணிதம் முடித்தவர்கள் டான்செட் (TANCET) நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு வருஷ எம்.சி.ஏ. சேரலாம். கம்ப்யூட்டர் துறைக்குப் போக இது நல்ல பாதை, செலவும் குறைவு.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கும். பணம் வராமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது வங்கிக் கணக்குதான். கணக்கில் ஆதார் எண் பதிந்திருந்தால் மட்டும் போதாது; அரசுப் பணம் வந்து விழும் கணக்காக என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பை நடத்தும் நிறுவனம்) அது இணைந்திருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே வங்கியில் போய் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கணிதத்தில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் பெங்களூரு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். என்ற கணித இளநிலைப் படிப்பைக் கட்டாயம் முயலுங்கள். டியூஷன் ஃபீஸ் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் கணிதத்தையும் கம்ப்யூட்டர் சயின்ஸையும் சேர்த்தே ஆனர்ஸ் பட்டமாகத் தருகிறது. கட்டணச் சலுகைக்குக் கேட்கலாம். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி தாண்டிவிடும்; பிப்ரவரியிலிருந்தே இணையதளத்தைப் பார்த்து வாருங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் இருக்கிறது. ஜே.இ.இ. வேண்டாம், குடும்ப வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை. மற்ற தொலைநிலைப் படிப்புகளுக்குப் பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தாலும் நீங்கள் சேரும் படிப்பு இல்லாமல் போகலாம்.