வால் எலும்பு வலிக்கு ஏற்ற இருக்கை மெத்தையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நிமிர்ந்து உட்காரும்போது உடலின் எடையை இடுப்பின் அடியில் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளும் தொடைகளும் தாங்கிக்கொள்கின்றன. பின்னால் சரிந்து உட்கார்ந்தாலோ எடை பின்னோக்கி நகர்ந்து, முதுகுத்தண்டின் நுனியில் உள்ள வால் எலும்பின் மீது விழுகிறது. ஆகவே, நாம் வாங்கும் மெத்தை எடையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தொட்டால் எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் வலி இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்துகொள்ளுங்கள். பிட்டங்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குச் சற்று மேலே விரல் நுனியால் மெதுவாக அழுத்தும்போது சுரீரென்று வலித்தால், அது பெரும்பாலும் வால் எலும்பு வலியாகவே இருக்கும். கீழே விழுந்து அடிபட்ட பின்னும், பிரசவத்துக்குப் பின்னும், கடினமான இருக்கையில் நெடுநேரம் உட்கார்வதாலும் இது வருவதுண்டு. வலி அதற்கு மேலே, இடுப்புப் பகுதியில் பரவியிருந்தால் மெத்தை மட்டும் போதாது; கீழ்முதுகின் வளைவைத் தாங்கும் சிறு திண்டும் தேவைப்படும். காலில் பலவீனம், தொடைகளின் உட்புறத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை ஆகியவற்றில் எது தென்பட்டாலும், மெத்தையைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வால் எலும்பு வலிக்கு, பின்பக்கம் ஆங்கில ‘யு’ எழுத்தைப் போல வெட்டி எடுக்கப்பட்ட மெத்தையையே நான் பரிந்துரைப்பேன். அந்த வெட்டு பின்விளிம்பு வரை திறந்திருப்பதால், நீங்கள் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் வால் எலும்பு எதன் மீதும் படாது. நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையில் அந்த வசதி இல்லை. வளையத்தின் பின்பகுதி, வலிக்கும் இடத்துக்கு நேராகவே வந்து அழுத்தக்கூடும். பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்த ஆப்பு வடிவம் இடுப்பைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து, கீழ்முதுகின் இயல்பான வளைவைக் காக்க உதவுகிறது. ஆனால் சரிவு அதிகமானால் உடல் முன்னே வழுக்கும்; கால்களை ஊன்றித் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

பலரும் ஏமாறுவது மென்மையில்தான். மெமரி ஃபோம் உடலின் சூட்டிலும் அழுத்தத்திலும் இளகும் தன்மை உடையது என்பதால், கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இருபது நிமிடமாவது உட்கார்ந்தபின், வேறொருவரை மெத்தைக்கும் நாற்காலிக்கும் இடையே, உங்கள் பிட்ட எலும்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும்படி கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு முனை அவர் விரல்களில் தெளிவாகத் தட்டுப்பட்டால், மெத்தை உங்கள் எடைக்கு அடிவரை அமுங்கிவிட்டது என்று பொருள். அது எவ்வளவு சொகுசாகத் தோன்றினாலும் வேண்டாம். ஒரே தடிமனுள்ள இரண்டில் கனமான ஃபோம் பொதுவாக நெடுநாள் உழைக்கும். உடல் எளிதில் சூடாகிறவர்களுக்கு, மேலே ஜெல் அடுக்கு உள்ளதோ காற்றோட்டத் துளைகள் கொண்ட லேடெக்ஸோ ஏற்றது.

மெத்தை போட்டதும் இருக்கையின் உயரம் கூடிவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. பாதங்கள் தரையில் முழுமையாகப் படியவில்லையென்றால் நாற்காலியைத் தாழ்த்துங்கள். இயலாவிட்டால் காலுக்குக் கீழே பலகை வையுங்கள். மேசையும் கைப்பிடியும் இப்போது தாழ்வாகத் தெரியும் என்பதால் அவற்றையும் சரிசெய்ய வேண்டும். காரில் பயன்படுத்துவதாக இருந்தால் மெல்லிய மெத்தையே நல்லது. பெடலைக் கால் முழுதாக எட்டுகிறதா, கண்ணாடிகள் சரியான கோணத்தில் உள்ளனவா, தலைக்கும் கூரைக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று வண்டியைக் கிளப்பும் முன் பார்த்துவிடுங்கள்.

உறை கழற்றித் துவைக்கக்கூடியதாகவும், அடிப்புறம் வழுக்காததாகவும் இருக்கட்டும்.

எவ்வளவு நல்ல மெத்தையானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது அவசியம். இருக்கையிலிருந்து எழுந்திருக்கும் கணத்தில்தான் வால் எலும்பு வலி பலருக்குக் கூர்மையாகிறது. எனவே முதலில் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, உடலை இடுப்பிலிருந்து முன்னே சாய்த்து, கால்களில் எடையை ஏற்றிய பிறகே எழுந்திருங்கள். சில வாரங்கள் இப்படிப் பயன்படுத்தியும் வலி குறையவில்லையென்றால், இன்னொரு மெத்தை வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.