கிணத்து மேட்டுல கிடைச்ச கல்லு என்ன கல்லு? வீட்டுச் சாமான வெச்சே கண்டுபிடிக்கிற வழி

காங்கேயம் பக்கம் சிவன்மலையில இருந்து கொஞ்ச தூரத்துல எங்க அத்தை தோட்டம். அங்க கிணறு வெட்டினப்போ வெளிய கொட்டுன கல்லு மண்ணெல்லாம் ஒரு மேடா கிடக்கு, மேல வேலிக்காத்தான் முளைச்சுப் போச்சு. போன வைகாசி லீவுல போனப்போ அந்த மேட்டுல ஒரு கல்லு எடுத்தேன். வெள்ளைப் பாறைக்குள்ள பாதி புதைஞ்சு, சாம்பல் நிறத்துல, நடுவுல பருத்து ரெண்டு பக்கமும் ஒடுங்கி, சின்ன பீப்பா மாதிரி. எண்ணிப் பாத்தா ஆறு பக்கம். அத்தை எட்டிப் பாத்துட்டு "ஏஞ்சாமி, ஊர்ல இல்லாத கல்லா இது?"ன்னாங்க.

அந்த ஒரு கல்லுக்குப் பேர் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அதுல ஒரு வாரம் என் மடத்தனத்துல போச்சு. நீங்க ஒரு மத்தியானத்துல முடிக்கலாம், அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கல்ல போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டு "இது என்ன கல்லு ப்ரோ"ன்னு கேட்டா பத்து ஆளும் பத்து விதமா பேர் சொல்வாங்க, ஏன்னா எல்லாரும் பாக்கறது கலர. கலர் தான் இருக்கறதுலயே பெரிய புளுகு. ஒரே குவார்ட்ஸ் (நம்மூர் வெங்கச்சங்கல்லு) வெள்ளையா, ரோஸா, ஊதாவா, புகை கலர்லன்னு எப்படி வேணா கிடைக்கும். அதனால கலர கடைசில பாக்கலாம்.

ஸ்டெப் 1: எங்க தேடறது, எங்க கை வைக்கக் கூடாது

கிணத்து மேடு, ஓடை, புதுசா ரோடு போட வெட்டுன இடம், உழுத காடு, இதெல்லாம் நல்ல இடம். கிணத்து மேடு ரொம்ப நல்லது, ஏன்னா வெயில் மழை படாத அடிப்பாறை நம்ம தோண்டாமலே மேல வந்து கிடக்கும். யார் நிலமோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. கல் குவாரிக்குள்ள போகவே போகாதீங்க, வெடி வெப்பாங்க, மேல இருந்து கல்லு சரியும்.

திருவக்கரை, சாத்தனூர் கல்மரமெல்லாம் பாதுகாக்கப்பட்ட இடம், அங்க இருந்து ஒரு சில்லு கூட எடுக்கக் கூடாது. கொடுமணல் மாதிரி பழைய ஊர் மேட்டுல கல்மணி, ஓடு, இரும்புக் கசடு கண்டா போட்டோவோட நிறுத்திக்குங்க, அது கல்லு இல்ல வரலாறு, இடம் மாறுச்சுன்னா அதுக்கு அர்த்தமே போயிடும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைல இருக்கற கருமணலையும் பாட்டில்ல அள்ளிட்டு வராதீங்க, அதுல மோனசைட் இருக்கு, தோரியம் உள்ள கனிமம், அரசு கட்டுப்பாட்டுல இருக்கறது.

எடுத்த உடனே அங்கயே வெச்சு ஒரு அஞ்சு ரூபா காயின் பக்கத்துல போட்டு போட்டோ எடுங்க. எந்தப் பாறைல ஒட்டிட்டு இருந்துச்சுன்னு எழுதுங்க. இத நிறைய பேர் செய்ய மாட்டாங்க, வீட்டுக்கு வந்து பை நிறைய அனாதைக் கல்ல வெச்சுட்டு முழிப்பாங்க.

ஸ்டெப் 2: கழுவு, அப்புறம் புது முகம் பாரு

பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணி, அவ்ளோதான். ஆசிட்ல எல்லாம் ஊற வைக்காதீங்க.

காஞ்சதும் ஓரத்துல ஒரு சின்ன சில்லு உடைங்க. கண்ணாடி போடாம உடைக்காதீங்க, சில்லு கண்ணுக்குத்தான் வரும். மேல்தோல் வேற, உள்ள வேற. வருஷக்கணக்கா மண்ணுல கிடந்த கல்லுக்கு மேல துரு, சுண்ணாம்பு, வேற கனிமம்னு ஏதாச்சும் ஒரு சட்டை இருக்கும். என் ஒரு வாரம் போனது இங்கதான், கீழ சொல்றேன்.

உடைஞ்ச இடத்த வெயில்ல திருப்பித் திருப்பிப் பாருங்க. ஒரு கோணத்துல மட்டும் சின்ன கண்ணாடி மாதிரி பளிச்னு அடிச்சா அதுக்கு உடையறதுக்குன்னு ஒரு திசை இருக்குன்னு அர்த்தம், ஃபெல்ட்ஸ்பார் (கிரானைட்ல வெள்ளையா, ரோஸா தெரியற கனிமம்) அப்படித்தான். பாட்டில் உடைஞ்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு உடைஞ்சிருந்தா குவார்ட்ஸ். ஏடு ஏடா நகத்துல உரிஞ்சு வந்தா காக்காப்பொன்னு, அதாங்க மைக்கா. லென்ஸ் வாங்கறதா இருந்தா பத்து மடங்கு பெருசாக்கறது போதும், ஆனா லென்ஸ கண்ணோட ஒட்டி வெச்சுட்டு கல்ல கிட்ட கொண்டு வரணும், துப்பறியும் படத்துல காட்டற மாதிரி கைய நீட்டிப் பிடிச்சா ஒண்ணும் தெரியாது.

ஸ்டெப் 3: கீறிப் பாரு

1812-ல ஃப்ரீட்ரிக் மோஸ்னு ஒருத்தர் போட்ட கணக்கு, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும். எது எத கீறுதோ அது கெட்டி, அவ்ளோதான் விஷயம். நம்ம வீட்டுல இருக்கறத வெச்சு: விரல் நகம் ரெண்டரை, செம்புக் கம்பி மூணு, கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் அஞ்சரை கிட்ட, வெங்கச்சங்கல்லு ஏழு. வெங்கச்சங்கல்லு வாங்க வேண்டாம், வாசல்லயே கிடக்கும்.

நகத்துல கீறல் விழுந்து தொட்டா சோப்பு மாதிரி வழுக்குச்சுன்னா மாக்கல்லு. கத்தில கீறுச்சுன்னா கால்சைட் (சுண்ணாம்புக்கல்லுல இருக்கற கனிமம்) மாதிரி மெத்துன ஆளு. கத்தி தோத்து கல்லு கண்ணாடிய கீறுச்சுன்னா ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், கார்னெட்னு கெட்டிக் கூட்டத்துல தேடணும். கண்ணாடிய தரைல வெச்சுக் கீறுங்க, கைல பிடிச்சுக்கிட்டு கீறாதீங்க.

ஒரு ஏமாத்து இருக்கு. கெட்டியான கல்லு மேல கத்தியால இழுத்தா சாம்பல் கோடு விழும், ஆஹா கீறிருச்சுன்னு நினைப்பீங்க, அது கத்தியோட இரும்பு தேஞ்சு ஒட்டினது. எச்சில் தொட்டுத் தேய்ங்க. அழிஞ்சா தோத்தது கத்தி, அழியாம நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டா தோத்தது கல்லு.

இப்ப என் மடத்தனம். அந்த பீப்பாக்கல்ல கத்தியால கீறினேன், நல்லாவே கீறுச்சு, வெள்ளிப் பொடி மாதிரி உதிர்ந்துச்சு. 'மெத்துன கல்லு'ன்னு நோட்டுல எழுதிட்டு ஒரு வாரம் மெத்துன கல்லா தேடிட்டு இருந்தேன், ஒண்ணும் பொருந்தல. அப்புறம் ஒரு நாள் கைதவறி சிமெண்ட் தரைல விழுந்து குறுக்க தட்டையா உடைஞ்சுது. உள்ள பாத்தா வேற கல்லு. வெளிய இருந்தது காகிதம் மாதிரி ஒரு மைக்கா தோலு, அதத்தான் நான் கீறிட்டு இருந்திருக்கேன். உள்பக்கத்தால கண்ணாடிய கீறினேன், வெண்ணெய் மாதிரி போச்சு. வெங்கச்சங்கல்ல கீறினேன், அதுலயும் பள்ளம். ஏழுக்கு மேல போனா ஆட்கள் கம்மிங்க, பெரில் (மரகதம் இந்த வகைதான்), டோபாஸ், குருந்தம்னு விரல் விட்டு எண்ணிடலாம்.

ஸ்டெப் 4: பொடி என்ன கலர்

கல்லோட கலர் பொய் சொல்லும், பொடியோட கலர் அவ்ளோ சீக்கிரம் சொல்லாது. இதுக்குத் தனியா தட்டு விக்கறாங்க, வேண்டாம். வீட்டு ஊறுகாய் ஜாடிய கவுத்துப் பாருங்க, அடில மெருகு பூசாத ஒரு வளையம் சொரசொரன்னு இருக்கும், அதுல தேய்ங்க. பழைய பீங்கான் ஃப்யூஸ் கட்டை உடைஞ்சது கிடைச்சா இன்னும் நல்லது. (கரண்ட்டுல மாட்டியிருக்கறத கழட்டாதீங்க!)

இரும்புத்தாதுல ரெண்டு வகை: கறுப்பா மின்னுற ஹெமடைட் தேய்ச்சா செங்கல் சிவப்புல கோடு விழும், மேக்னடைட் தேய்ச்சா கறுப்பு. தங்கம்னு நினைச்சு நெஞ்சு படபடக்க எடுத்துட்டு வர்ற பைரைட் பச்சை கலந்த கறுப்புல கோடு போடும், நிஜத் தங்கம் தங்கமாவே இழுக்கும். ரொம்பக் கெட்டியான கல்லு கோடே போடாது, ஜாடியத்தான் கீறும், அம்மாகிட்ட திட்டு விழும்.

ஸ்டெப் 5: காந்தம், வினிகர்

உடைஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுன காந்தம் போதும். கம்மியா இழுக்கற கல்லா இருந்தா சின்ன காந்தத்த நூல்ல கட்டித் தொங்க விட்டுக் கிட்ட கொண்டு போங்க, லேசா அசையறது கண்ணுக்குத் தெரியும். சேலம் பக்கம் கஞ்சமலைக் கல்லு, மேக்னடைட்டும் குவார்ட்ஸும் பட்டை பட்டையா இருக்கறது, காந்தத்துல டப்புனு ஒட்டும்.

'விண்கல் கிடைச்சிருக்கு'ன்னு காட்டறதுல முக்கால்வாசி இரும்பு உருக்குன கிட்டம், அதாவது கசடு. கொங்கு நாட்டுல இரும்பு உருக்குன வரலாறு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல, அதனால கிட்டம் எங்கயும் கிடக்கும். உள்ள இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தா நம்பாதீங்க, விண்கல்லுல அப்படிக் குமிழி இருக்கறது அபூர்வத்துலயும் அபூர்வம்.

வினிகர் ஒரு சொட்டு விடுங்க. சுக்காங்கல்லு, சுண்ணாம்புக்கல்லு, கால்சைட் எல்லாம் நுரைக்கும். சேலத்து வெள்ளைக்கல்லு இருக்கே, மேக்னசைட், பாக்க சுண்ணாம்புக்கல்லு மாதிரியே இருந்தாலும் சும்மா கம்முனு இருக்கும். பாத்ரூம் கழுவற ஆசிட் வேண்டாம், அதுவும் ப்ளீச்சிங் பவுடர் பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 6: எடை (இதுதான் எனக்குப் பிடிச்சது)

சமையலறை டிஜிட்டல் தராசு வேணும். கல்ல எடை போடுங்க. அப்புறம் ஒரு மக்குல தண்ணி ஊத்தித் தராசு மேல வெச்சு டேர் பட்டன அமுக்கி சைபர் ஆக்குங்க. கல்ல நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள முழுசா மூழ்கற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் படக்கூடாது பக்கத்துலயும் படக்கூடாது, நூல நீங்க பிடிச்சிருக்கணும். இப்ப தராசு காட்டற நம்பரால முதல் எடைய வகுங்க. வர்றது, அதே அளவு தண்ணிய விட கல்லு எத்தன மடங்கு கனம்ங்கறது.

குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.7, மேக்னசைட் 3, கார்னெட் 4 கிட்ட, மேக்னடைட் 5.2. முதல்ல ஒரு வெங்கச்சங்கல்ல போட்டுப் பாருங்க, 2.6, 2.7 வந்தா உங்க கை சரி. மத்த பாறை ஒட்டியிருந்தா கணக்கு தப்பும், தனியா பிரிச்சுட்டுத்தான் போடணும்.

என் கல்லு 86 கிராம், தண்ணில தொங்க விட்டப்போ தராசு காட்டுனது 22. வகுத்தா 3.9. நாலு தடவ போட்டேன், நம்பல. பெரில் 2.7 தான், டோபாஸ் மூன்றரை, ரெண்டும் அவுட்டு.

ஸ்டெப் 7: வடிவம், கடைசியா கலர்

ஆறு பக்கம்னதும் துள்ளாதீங்க, குவார்ட்ஸும் ஆறு பக்கம், பெரிலும் ஆறு பக்கம், குருந்தமும் ஆறு பக்கம். பக்கத்துல ஓடற கோட்டப் பாருங்க. குவார்ட்ஸுக்குக் குறுக்குக் கோடு, நுனி கூம்பு. பெரிலுக்கு நெடுக்கக் கோடு, நுனி தட்டை. காங்கேயம் பக்கத்துலயே படியூர்ல அந்தக் காலத்துல நீலப்பச்சை பெரில் வெட்டி எடுத்தாங்க, அதனால இந்தப் பக்கம் இத சரி பாக்கறது ரொம்ப முக்கியம். குருந்தம்னா பீப்பா, குறுக்க தட்டையா உடையும், உடைஞ்ச முகத்துல லென்ஸ் வெச்சா சின்னச் சின்ன முக்கோணக் கோடு தெரியலாம்.

சிவப்பா இருந்தா எல்லாரும் கேக்கறது கெம்பா கார்னெட்டாங்கறது தான். பந்து மாதிரி உருண்டு பல முகத்தோட இருந்தா கார்னெட். ரூபா நோட்டு செக் பண்ற யூவி டார்ச்ச இருட்டுல அடிச்சா நல்ல கெம்பு கங்கு மாதிரி சிவக்கும், கார்னெட் செத்த மாதிரி கிடக்கும், ஆனா இரும்பு அதிகமா இருக்கற கெம்பும் சிவக்காது, அதனால எடையும் கீறலும் விட்டுடாதீங்க. ஒரு சந்தைல நான் கார்னெட்ட கெம்புன்னு காசு கொடுத்து வாங்கிட்டு வந்தவன், அனுபவத்துல சொல்றேன்.

என் கல்லுக்கு எல்லாத்தையும் சேத்து வெச்சேன்: வெங்கச்சங்கல்ல கீறுது, 3.9 கனம், காந்தம் இழுக்கல, வினிகர் நுரைக்கல, ஆறு பக்க பீப்பா, மைக்கா தோலு, இருந்தது வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் பாறைக்குள்ள. குருந்தம். சிவன்மலை சுத்துவட்டாரப் பாறைக்கே அது பேர் போனது. இங்கிலீஷ்ல கொரண்டம்னு சொல்றாங்களே, அது நம்ம குருந்தத்துல இருந்து போன பேரு தான். சிவப்பா தெளிவா இருந்தா இதேதான் கெம்பு, நீலமா இருந்தா நீலக்கல்லு. என்னுது சாம்பல், ஒளி புகாதது, நகைக்கடைல காட்டினா சிரிப்பாங்க.

ஸ்டெப் 8: நம்பர் போடு, சந்தேகம்னா கேளு

கல்லு ஓரத்துல வெள்ளை நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு, காஞ்சதும் அது மேல நம்பர், நோட்டுல அதே நம்பருக்கு இடம், தேதி, மேல சொன்ன டெஸ்ட் எல்லாம். இந்தக் கல்லா அந்தக் கல்லான்னு சிக்குனா ரெண்டு பேரையும் எழுதி வைங்க, வெட்கமே வேண்டாம்.

அதுக்கு மேல தெரிஞ்சே ஆகணும்னா ஜியாலஜி படிப்பு இருக்கற காலேஜுக்குப் போங்க, சேலம் அரசு கலைக் கல்லூரில இருக்கு. கல்ல மட்டும் நீட்டாம நோட்டையும் நீட்டுங்க, அப்பத்தான் அவங்களும் உக்காந்து பேசுவாங்க.

உடைஞ்ச பாதிய நான் கொண்டு வந்துட்டேன். இன்னொரு பாதி ஒட்டியிருந்த பெரிய கட்டிய அத்தை விடல. சாணை பிடிக்கறவர் சக்கரத்துல அந்தக் காலத்துல அரக்கோட சேத்தது இந்தக் கல்லுப் பொடியத்தான்னு நான் வாய விட்டுட்டேன், இப்ப அது கிணத்தடில இருக்கு, களைக்கொத்து தீட்ட.