மீன் வாங்காத வீட்டில் மீன் வாடை: சூடாகும் பிளக்கில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு புரட்டாசியில், மலேசியாவில் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, மாசம் பொறந்ததிலேருந்து வீட்டுல மீனே வாங்கலை. ஆனா அடுப்படியில மீன் வாடை. ஐஸ்பெட்டியைக் கழுவிட்டேன், சிங்கையும் கழுவிட்டேன், போகலை. இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டாத்தான் வருது." கடைசி வரியைக் கேட்டதும், அடுப்பை அணைத்து, சுவரில் இருக்கும் சுவிட்சையும் மூடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிளக், சாக்கெட் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக்குகளில் சில, அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடை போன்ற ஒன்றை விடும். வயர்மேன்களுக்கு இது பழகிய வாடை. மற்றவர்கள் சாக்கடையையும் செத்த எலியையும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

போய்ப் பார்த்தால், சாக்கெட்டில் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம். பிளக்கை உருவினால் அதே பக்கத்துப் பித்தளைக் கால் கறுத்திருந்தது. அக்கா கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: "அப்படின்னா ஏன் ட்ரிப் ஆகலை?"

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கரண்டின் அளவை. ஆர்சிசிபி என்னும் கசிவுச் சுவிட்ச் பார்ப்பது கரண்ட் வெளியே கசிகிறதா என்பதை. பிளக்கில் உள்ள ஃபியூஸும் அளவைத்தான் பார்க்கும். தளர்ந்த இணைப்பில் கரண்டின் அளவும் மீறாது, கசிவும் இருக்காது. 2000 வாட் அடுப்பு நம் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது சாதாரணம். ஆனால் பிளக்கின் காலைக் கவ்விப் பிடிக்க வேண்டிய உள்தகடு தளர்ந்து, அந்த இடத்தில் 0.2 ஓம் தடை வந்துவிட்டால் கணக்கே வேறு. கரண்டைக் கரண்டால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் 15 வாட் வரும். கேட்க அற்பமாக இருக்கும். ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயம் உருக்கும் சின்னச் சூட்டுக்கோல் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் வேலை செய்கிறது. அந்தக் கோலைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மணிக்கணக்கில் செருகி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடேறச் சூடேறத் தகடு இன்னும் தளரும், பித்தளை கறுக்கும், தடை ஏறும். போன் சார்ஜருக்கு இதே சாக்கெட் பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் உழைக்கும். அதனால்தான் "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார்கள்.

அக்கா வீட்டில் இது இரண்டாவது பிளக். முதல் பிளக் கருகியபோது கடையில் புதிது வாங்கி மகன் மாட்டியிருக்கிறார். சாக்கெட் பழையது. நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கருகிய சாக்கெட் புதுப் பிளக்கைக் கெடுக்கும், கருகிய பிளக் புதுச் சாக்கெட்டைக் கெடுக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிளக்கை நாமே மாட்டலாம், ஆனால் திருகை நன்றாக இறுக்குங்கள். வயர் நுழையவில்லை என்று கம்பி இழைகளில் நாலைந்தை வெட்டி எறியாதீர்கள். சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். (என் பிழைப்புக்காகச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.)

அடுத்தது எக்ஸ்டென்ஷன். நாலு துளை இருக்கிறதே என்று கெட்டில், ஏர் ஃபிரையர், அடுப்பு எல்லாவற்றையும் அதில் செருகுகிறோம். எத்தனை துளை இருந்தாலும் சுவரில் போய்ச் சேரும் பிளக் ஒன்றுதான். அதன் எல்லை 13 ஆம்பியர், அதாவது மொத்தம் 3000 வாட்டுக்குள். 2200 வாட் கெட்டிலும் 2000 வாட் அடுப்பும் சேர்ந்தால் 18 ஆம்பியரைத் தாண்டும். ஃபியூஸ் உடனே போகும் என்றும் நம்ப வேண்டாம். 13 ஆம்பியர் ஃபியூஸ் 20 ஆம்பியரைக்கூட அரை மணி நேரம் தாங்கிக்கொண்டு நிற்கும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய வயர் எக்ஸ்டென்ஷன் என்றால் பேச்சே வேண்டாம். சிரிம் தரச் சான்று முத்திரை இல்லாததை நான் கையால் தொடுவதில்லை. நல்ல எக்ஸ்டென்ஷனாக இருந்தாலும் சுருட்டியபடியே கெட்டில் போடக்கூடாது, சுருளுக்குள் சூடு அடைபடும்.

அப்புறம் நம்மவர்களுக்கே உரிய ஒன்று: சென்னையிலிருந்து வரும் மிக்ஸியும் கிரைண்டரும். மின்சாரம் அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், மிக்ஸிக்கு ஒரு கெடுதலும் இல்லை. உருண்டைக் கால் பிளக்தான் நம் சுவருக்குப் பொருந்தாது. பயண அடாப்டர் ஒன்றை மாட்டி, அரிசியும் உளுந்தும் அரைத்துத் தள்ளுகிறோம். இரண்டு கால் பிளக் என்றால் இன்னும் மோசம். சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி, மூடியைத் திறந்து செருகுவார்கள். தட்டைக் காலுக்குச் செய்த தகட்டில் உருண்டைக் கால் கொஞ்சம்தான் தொடும். தொடும் இடம் குறைந்தால் சூடு கூடும். அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு, ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக் மாட்டிவிடுங்கள். சில வெள்ளிச் செலவுதான்.

ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது இன்னும் நடக்கிறது. வேண்டாம். குளியலறை ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட், 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி லைன் வேண்டும், பிளக் ஆகவே ஆகாது.

சரி, நம் வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எப்படி? அடுப்போ இஸ்திரிப் பெட்டியோ இருபது நிமிடம் ஓடியபின் சுவிட்சை மூடி, பிளக்கின் முதுகில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைத்திருக்க முடியாவிட்டால் அந்தச் சாக்கெட்டை அன்றே நிறுத்துங்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாமல் மெயினை இறக்குங்கள். தீ என்றால் வீட்டை விட்டு வெளியேறி 999.

அக்காவுக்குச் சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றி, அடுப்பில் ஒரு பானை தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்த்தோம். வாடை இல்லை. அக்காவுக்கு அப்போதும் ஒரு சந்தேகம்: "அப்போ தம்பி, விரதம் கெடலைதானே?"